ஆணித் துப்பாக்கிக்குப் பூசிய சந்தனம்

விக்கிரமசிங்கபுரத்திலேயே துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் என்று நாலாம் வகுப்பில் நான் சொல்லி வைத்திருந்தேன். போலீஸ் ஸ்டேஷனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நம்பாத பிள்ளைகளைச் சாயங்காலம் பள்ளி விட்டதும் மாமாவின் ஷெட்டுக்கு அழைத்துப் போய் வாசலில் நிறுத்திவிடுவேன். உள்ளேயிருந்து படார் படார் என்று சத்தம் வரும். அதற்கு மேல் யாரும் என்னோடு வாதம் செய்ததில்லை.

துப்பாக்கி என்றால் ஆணி அடிக்கிற துப்பாக்கி. ஷெட்டில் எல்லோரும் அதைக் 'கன்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது போதாது. துப்பாக்கி என்று முழுதாகச் சொன்னால்தான் கேட்கிறவர்கள் கொஞ்சமாவது பயப்படுவார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. கொஞ்ச காலம் நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு, அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்தவர். நூல் பெட்டிகளை லாரியில் ஏற்றுவதற்கு முன் அடுக்கி வைக்கிற மரத்தட்டுகள் அங்கே தயாராகும். பேலட் என்பார்கள். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஆணி அடித்தால் பேலட். சுத்தியலால் அடித்து அடித்துத் தோள்பட்டை இற்றுப்போன பிறகுதான் மாமா கோயம்புத்தூர் போய் அந்தத் துப்பாக்கியை வாங்கி வந்தார். காற்றை அடைத்து வைக்க ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய், குழாயின் நுனியில் துப்பாக்கி. விசையை அழுத்தினால் காற்று ஓங்கித் தள்ளும். ஒரு விரல் நீளத்து ஆணி கண்ணை மூடித் திறப்பதற்குள் தலைவரை பலகைக்குள் இறங்கிவிடும்.

மாமா சாதுவான மனுஷர். வீட்டில் குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் அந்தத் துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஆள் மாறிவிடுவார். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் வரக்கூடாது. கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது விசையில் விரல் இருக்கக் கூடாது. பலகையைப் பிடிக்கிற கை ஆணி இறங்குகிற இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். ஆணி சிக்கிக்கொண்டால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் சிக்கலை எடுக்க வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்ப்பாடுபோல மனப்பாடம் ஆகிவிட்டது. பதினாறாம் வாய்ப்பாடுகூட அவ்வளவு சுத்தமாக எனக்கு வராது.

எல்லாவற்றையும்விட அவர் அதிகம் பேசியது துப்பாக்கியின் மூக்கைப் பற்றி. முனையில் ஸ்பிரிங் வைத்த ஒரு இரும்பு மூக்கு இருக்கும். அதைப் பலகையில் வைத்து அழுத்தி, அது உள்ளே போனால்தான் விசை வேலை செய்யும். வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை விசையை இழுத்தாலும் ஆணி வராது. பலகையை விட்டு எடுத்ததும் மூக்கு டக்கென்று வெளியே வந்துவிடும். காலையில் குழாயை மாட்டுவதற்கு முன்னால் அந்த மூக்கைக் கையால் அமுக்கிப் பார்த்து, வெளியே வருகிறதா என்று சரிபார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். மூக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டால், அப்புறம் விசையில் விரல் பட்டாலே ஆணி பாயும். எதிரே பலகை இருக்கிறதா, கை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

அந்தத் துப்பாக்கியைப் பிடித்தவர் மாமாவிடம் வேலை பார்த்த ஆழ்வார்குறிச்சி அண்ணன். ஊரிலிருந்து அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி வந்து போவார். மாமா அடிக்கிற ஒரு பேலட்டுக்கு அவர் இரண்டு அடிப்பார். அடிக்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறவர்போலப் போய்க்கொண்டே இருப்பார். எஞ்சிய பலகைத் துண்டுகளில் எனக்கு ஒரு சின்ன நாற்காலி செய்து கொடுத்திருந்தார். அதில் உட்கார்ந்துகொண்டு நான் ஷெட்டை மேற்பார்வை பார்ப்பேன். மாமா இல்லாத நேரத்தில் விதிகளை நான்தான் எடுத்துச் சொல்வேன். "கண்ணாடி எங்கண்ணே?" என்றால் அவர் உடனே நெற்றியில் கிடக்கிற கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, "சரிங்க மேடம்" என்பார். வேறு எந்தப் பெரிய ஆளும் என்னை அவ்வளவு மதித்ததில்லை.

அவரிடம் ஒரு குறை இருந்தது. வேகம். அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், மூக்கை ஒவ்வொரு தடவையும் அழுத்துகிற நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, மூக்கை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார். அப்புறம் தொட்டால் ஆணி, தொட்டால் ஆணி. சத்தத்தின் வேகத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் மாமா. சாப்பாட்டிலிருந்து எழுந்து எச்சில் கையோடு வந்து, கம்ப்ரசரை நிறுத்தி, அந்த ரப்பரை அறுத்து எறிந்தார்.

"ஏலே, ஒன் கையி ஒனக்கு வேண்டாம்னா சொல்லு, நானே வெட்டி விட்டுருதேன். இன்னொரு தடவ ரப்பரக் கட்டுனேன்னு வையி, பெறகு சென்மத்துக்கும் நீ கன்னு பிடிக்க முடியாது பாத்துக்கோ."

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் ரப்பர் கட்டவில்லை. மாமாவும் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. புரட்டாசி பிறந்தபோது, தை மாதம் ஆழ்வார்குறிச்சியில் இன்னொரு ஷெட் போடப் போகிறேன், அதற்கு நீதான் மேஸ்திரி என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு அது சும்மா பதவி இல்லை. அவருடைய அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துபோய் வருஷம் ஒன்றாகியிருந்தது. காலையில் இருட்டோடு சோறு ஊட்டிவிட்டுப் பஸ் ஏறினால், அவர் திரும்பிப் போகிறவரை அந்த அம்மா பக்கத்து வீட்டாரை எதிர்பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். உள்ளூரிலேயே ஷெட் என்றால் மத்தியானம் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அன்று முழுவதும் அண்ணன் சிரித்த முகமாகவே இருந்தார். தை மாதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்காமலே சொல்லுவார்.

அப்போதுதான் ஆயுதபூஜை வந்தது.

எல்லாத் தொழிற்கூடங்களையும் போலத்தான். முதல்நாளே தரை கழுவி, மரத்தூள் எல்லாம் கூட்டி, ரம்பம், சுத்தியல், உளி, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவோம். பூஜை அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமிக்குப் பேருக்கு இரண்டு பேலட் அடித்து வேலையைத் தொடங்குவது வழக்கம். வைத்த சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டார்கள். அது தானாகத் தேய்ந்து போக வேண்டும்.

அந்த வருஷம் சந்தனம் வைக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். முந்திரிக்கொட்டை என்று அம்மா என்னைத் திட்டுவது சும்மா இல்லை. போன வருஷம் வைத்த சந்தனம் காய்ந்து சாயங்காலத்துக்குள் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைக்கிற சந்தனம் மட்டும் எப்படி நிற்கிறது என்றெல்லாம் யோசித்து, நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா அடுப்பில் பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சியிருந்தாள். அவள் பொரி எடுக்க உள்ளே போன நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பாகை ஊற்றிக்கொண்டு வந்து சந்தனத்தில் குழைத்தேன். குழைக்கும்போதே விரலில் இழுபட்டது. இது எங்கே உதிரப் போகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மற்றக் கருவிகளுக்கு ஆளுக்கு மூன்று பொட்டு. துப்பாக்கிக்கு மட்டும் அப்படி வைக்க மனம் வரவில்லை. கைப்பிடி, முதுகு, மூக்கு என்று மொத்தமாகப் பூசினேன். மூக்கின் இடுக்குக்குள்ளெல்லாம் சுண்டுவிரலை விட்டு, விடுபட்ட இடமே இல்லாமல் பூசிவிட்டு, அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பலகையின் மேல் மூக்குக் கீழே இருக்கும்படி நட்டமாகச் சாய்த்து நிறுத்தினேன். அதன் பாரத்தில் மூக்கு உள்ளே அமுங்கியது. நான் அதைக் கவனித்தேன். கவனித்து, இப்போதுதான் ஆடாமல் நிற்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் பூஜை முடிந்ததும் மாமா துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். "பரவால்லையே, துளிகூட உதிரல" என்றார். பாகு கலந்த ரகசியத்தை நான் சொல்லவில்லை. ஆழ்வார்குறிச்சி அண்ணன் காதில் மட்டும் சொன்னேன். அவர் "பெரிய மூளைக்காரில்லா!" என்று சிரித்தார்.

விஜயதசமி காலை. பள்ளி விடுமுறை என்பதால் நான் என் நாற்காலியில் ஆஜர். மாமா சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, லாரிக்காரர் போன் பண்ணியதால் பேச வாசலுக்குப் போனார். அண்ணன் துப்பாக்கியை எடுத்தார். வழக்கம்போல மூக்கை அமுக்கிப் பார்க்கக் கட்டைவிரலைக் கொண்டு போனார்.

"அண்ணே! தொடாதீங்க, சந்தனம் கலைஞ்சிரும்!"

கத்தியது நான்தான். அவர் விரலை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குழாயை மாட்டினார். இடது கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு துப்பாக்கியைக் கொண்டு வந்தார். பலகையை எட்டுவதற்கு முன்பே விரலை விசைக்குக் கொண்டு போகிற பழக்கம் அவருக்கு உண்டு. மூக்கு சரியாக இருக்கிறவரை அந்தப் பழக்கத்தால் கெடுதல் வந்ததில்லை. அன்றைக்கு மூக்கு உள்ளேயே இருந்தது. இரண்டு நாள் நட்டமாக நின்றதில் நான் பூசிய பாகும் சந்தனமும் இறுகி, ஸ்பிரிங்கை அப்படியே பிடித்து வைத்திருந்தது. இதெல்லாம் எனக்குக் கல்லூரி முடித்த பிறகு, ஒருநாள் பேச்சுவாக்கில் மாமா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு 'ம்ம்' என்று முனகியதும்தான்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வழியாக இறங்கி, ஆணி அவர் கையைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

நான் எழுந்துவிட்டேன். அவர் என்னைத்தான் பார்த்தார். பிறகு துப்பாக்கியின் மூக்கைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். வலது கையால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றினார். அந்த நிலைமையிலும் விதியை மறக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. அடுத்து, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை வாயால் திறந்து, துப்பாக்கியின் மூக்கில் ஊற்றினார். தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்தார். மறுபடியும் ஊற்றினார், மறுபடியும் துடைத்தார். அந்த நேரமெல்லாம் இடது கையிலிருந்து ரத்தம் பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் மூக்கு டக்கென்று வெளியே வந்தது.

"எதுக்குண்ணே கழுவுறீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ரத்தம் பட்டா துரு ஏறிரும் தாயி. வெல கூடுன சாமான்லா" என்றார். உதடு வெளுத்துப் போயிருந்தது. "நீ அழாத. போய் மாமாவப் பைய கூட்டிட்டு வா. ஓடாத, ஆணி கிடக்கும் தரையில."

மாமா வந்து கையைப் பார்த்ததும் முகம் செத்துப் போயிற்று. நெம்புகோலால் பலகையை விட்டு ஆணியை மெல்லக் கிளப்பி, கையைத் துண்டால் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்த கையோடு துப்பாக்கியை எடுத்து மூக்கை அமுக்கிப் பார்த்தார். உள்ளே போனது, வெளியே வந்தது. திரும்ப ஒருமுறை அமுக்கினார். சரியாகத்தான் இருந்தது.

"மூக்கு நல்லா இருக்கே. பெறகு எப்பிடிலே?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"ரப்பர் கட்டியிருந்தேன் அண்ணாச்சி" என்றார்.

"ரப்பர எங்க?"

"அறுந்து எங்கயோ தெறிச்சிட்டு."

மாமா திட்டக்கூட இல்லை. மோட்டார் சைக்கிளில் அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து அம்பை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மில் சங்கு ஊதியது. நான் ஷெட்டுக்குள் தனியாக நின்றேன். அண்ணன் ரப்பர் கட்டியதை நான் பார்க்கவில்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நான் வருவதற்கு முன்னால் கட்டியிருப்பார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். பெரியவர்கள் தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதாக இருந்தது. அவர் மேல் கோபம்கூட வந்தது.

எலும்பில் படவில்லை. மூன்று வாரத்தில் கட்டுப் போட்ட கையோடு அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் மாமா சொன்ன சொல்லை மாற்றவில்லை. துப்பாக்கியை அவரே பிடித்தார். அண்ணனுக்குப் பலகை எடுத்துக் கொடுக்கிற வேலை. மாமா ஒவ்வொரு ஆணியாக யோசித்து யோசித்து அடிக்க, அண்ணன் அடுத்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நிற்பார். ஆழ்வார்குறிச்சி ஷெட்டைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஒருநாள் அம்மாதான் கேட்டாள்.

"அவன நம்பி ஒரு ஷெட்ட எப்பிடிக்கா குடுக்க?" என்றார் மாமா. "கையில ஆணி ஏறுனதுகூடப் பெருசில்ல. சொன்ன பெறகும் செஞ்சாம்லா, அதுதான் மனசு ஆறல."

கார்த்திகையில் பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு வாரம் என்று பேச்சுப்போட்டி வைத்தார்கள். புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாமல், கண்ணால் கண்டதைப் பேசுங்கள் என்று டீச்சர் சொன்னார். மற்றவர்கள் ஸ்கூட்டர், மின்சாரம், பட்டாசு என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காற்றில் இயங்கும் ஆணித் துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று தலைப்பைச் சொன்னதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

பேச்சை நானே எழுதினேன். ஒத்திகை பார்க்க ஆள் வேண்டுமே. மத்தியானம் ஷெட்டில் மாமா சாப்பிட வீட்டுக்குப் போகிற நேரத்தில், ஆழ்வார்குறிச்சி அண்ணனை என் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார வைத்து, அவர் செய்த தப்பை அவருக்கே பேசிக் காட்டினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவர்தானே நேரில் பட்டவர், அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். விட்டுப்போன இடத்தை எடுத்துக் கொடுத்தார். "ஆணி சிக்குனா குழாயக் கழட்டணும், அதச் சொல்லலையே தாயி. வேல முடிஞ்ச பெறகு காத்தத் தொறந்து விடணும், அதையும் சேத்துக்கோ. ஆளப் பாத்துக் கன்ன நீட்டி வெளையாடக் கூடாதுன்னு சொல்லு, சின்னப்பிள்ளைக கேக்கும்லா." எல்லாம் சேர்த்துக்கொண்டேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் மறுத்தார். நான் பேச்சை ஆயுதபூஜையிலிருந்து ஆரம்பித்திருந்தேன்.

"சந்தனக் கதையெல்லாம் எதுக்கு? நேரா ரப்பர்ல இருந்து ஆரம்பி" என்றார்.

"டீச்சருக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்ப அந்தப் பாக மட்டுமாவது எடுத்துரு. சாமிக்கு வச்சதுல அடுப்படி பாகக் கலந்தேன்னா யாராவது ஒரு மாதிரி நெனப்பாவ."

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பேச்சிலேயே என் சொந்தக் கண்டுபிடிப்பு அது ஒன்றுதான். அதைப் போய் எடுக்கச் சொல்கிறாரே, ஒருவேளை பொறாமையோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்.

அடுத்து எனக்கு இன்னொரு யோசனை வந்தது. மேடையில் காட்ட அந்த ரப்பர் வேண்டும். தெறித்து விழுந்த ரப்பர் இந்த ஷெட்டுக்குள்தானே இருக்க வேண்டும் என்று பலகை அடுக்குக்குப் பின்னாலெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. அண்ணன் எழுந்து வந்து, "நீ தேடாத, பூரான் கிடக்கும். நான் எடுத்துத் தாரேன்" என்றார். மறுநாள் ஒரு துண்டுப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். கறுப்பு ரப்பர் பட்டை. வெட்டிய ஓரம் புத்தம் புதிதாக இருந்தது, ரத்தக் கறை ஒன்றும் இல்லை. கழுவிக் கொடுத்திருக்கிறார், எவ்வளவு சுத்தமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டிக்குப் பெற்றோரும் வரலாம் என்றார்கள். நான் மாமாவை அழைத்தேன். அண்ணனையும் அழைத்தேன். இரண்டு பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கடைசி பெஞ்சில் ஒருவருக்கொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர் பேசிய பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பேச்சு முழுதும் இப்போது ஞாபகம் இல்லை. ஆரம்பம் மட்டும் இருக்கிறது. 'அவையோருக்கு வணக்கம். ஆயுதபூஜைக்கு எங்கள் ஆணித் துப்பாக்கிக்கு நான்தான் சந்தனம் பூசினேன். உதிர்ந்து விடாமல் இருக்க அதில் வெல்லப்பாகு கலந்து, மூக்கின் உள்ளும் புறமும் இடைவெளி இல்லாமல் பூசினேன். இரண்டு நாள் அது அப்படியே இருந்தது. தெய்வத்துக்குக் காட்டிய மரியாதையை, மனிதர் பாதுகாப்புக்குக் காட்டவில்லை!' இந்தக் கடைசி வரியில் கையை உயர்த்தச் சொல்லியிருந்தார் டீச்சர். உயர்த்தினேன். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மாமா அண்ணன் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, அடுத்த வரியை மறந்துவிடாதே என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி நீட்டி, 'இதோ, ஒருவரின் அவசர புத்தி!' என்றேன். அப்போது மாமா எழுந்து வெளியே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்பக் கழுவினார். முக்கியமான இடத்தில் எழுந்து போகிறாரே என்று எனக்குக் கடுப்பு. அண்ணன் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். தழும்பு மறையாத கையை இன்னொரு கையின் மேல் மெல்லத் தட்டித் தட்டி, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் சோப்பு டப்பா. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினால், மாமா என் பரிசைப் பார்க்கவே இல்லை. அண்ணனுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். மாமா என் தலையில் கை வைத்தார், ஆனால் பாராட்டாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடையில் மூன்று பேருக்கும் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தார். தன்னுடையதைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஷெட்டுக்குப் போகிறபோது தெருமுனையிலேயே சத்தம் மாறியிருப்பது காதில் விழுந்தது. மாமாவின் யோசனைச் சத்தம் இல்லை, தாளம் போடுகிற பழைய சத்தம். உள்ளே ஆழ்வார்குறிச்சி அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியும் போட்டிருந்தார். மாமா பலகை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தையில் ஊர் ஷெட்டுக்குப் பூஜை போடுவதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவு பேருக்கு முன்னால் நான் எடுத்துச் சொன்னதும் அண்ணனுக்குப் புத்தி வந்துவிட்டது, அதைப் பார்த்துத்தான் மாமாவும் மனம் இறங்கியிருக்கிறார். நான் அண்ணன் முன்னால் போய் நின்று, இனிமேல் எக்காரணம் கொண்டும் ரப்பர் கட்டக் கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னேன்.

அவர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "கட்டவே மாட்டேன் தாயி. நீ அவ்வளவு சொன்ன பெறகு கட்டுவனா?" என்றார்.

மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மனுஷரைத் திருத்திவிட்டோமே என்ற பெருமையில் நான் அன்றைக்கு வீடுவரை குதித்துக்கொண்டே போனேன்.